இடது பக்கத்து நட்டு

செப்டம்பர் 8, ஞாயிறு

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. ‘மாப்பிள்ளை’ என்று எழுதினால், யாருக்கு யார் மாப்பிள்ளை என்று நீ கேட்பாய். உன் அக்கா என்னை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது, கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பெயர் போட்டு எழுதலாம் என்றால் மின்வாரியத்துக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய கார், ஆமை, முன்பக்கம் சத்தம் போடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு அடி. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை இருக்கிறதே, லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ் கிழிந்து தொங்குகிறது. வலது பக்கம் பரவாயில்லை, ஆனாலும் வயசாகிவிட்டது.

பழைய வண்டிதானே, கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் உன் அக்கா மகள் குட்டிக்கு வேலை கிடைத்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஊரில்தான் வேலை, வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்ய வேண்டும். அக்டோபர் பதினான்காம் தேதி சேர வேண்டும். அம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறாள். நல்லதுதான். கார் இல்லாமல் அந்த வேலை நடக்காது, அவளோ ஆமையைத் தவிர வேறு வண்டி வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அறுநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவாளாம்.

பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “சார், இதுக்கு நான் வேலை பார்த்தா என் பேரு கெட்டுடும்”னு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதனால் நானே செய்வதாக இருக்கிறேன். வலது பக்கம் எனக்குத் தெரியும். இடது பக்கம் எப்போதும் உன்னுடையது, நான் தொட்டதே இல்லை. எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், அந்தப் பக்கம் பேட்டரி தட்டு குறுக்கே வருமே, அதற்கு என்ன செய்வாய், இவ்வளவு எழுதினால் போதும். போனில் வேண்டாம். நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் கட் செய்துவிடுவோம்.

உன் முகவரியைக் குட்டியின் டைரியில் பார்த்து எடுத்தேன். அவளுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கடையிலிருந்து.


செப்டம்பர் 13, வெள்ளி

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. குட்டிக்காக மட்டுமே பதில் எழுதுகிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

புஷ்ஷை மட்டும் மாற்ற வேண்டாம். அதைக் கழற்றி அழுத்திப் பொருத்த பிரஸ் இயந்திரம் வேண்டும், வீட்டில் முடியாது. புஷ், சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்த முழு லோயர் ஆர்மாக இரண்டு பக்கத்துக்கும் வாங்கவும். ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழையது என்று இருந்தால் வண்டி கோணிக்கொண்டு ஓடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தட்டையும் எடுத்துவிடவும். பால் ஜாயிண்ட் எளிதில் வராது. ஜாயிண்ட்டின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டாம், அதைப் பிடித்திருக்கும் இரும்பின் பக்கவாட்டில் அடிக்கவும், அதிர்வில் தானாக விழும். முந்தைய நாளே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்கவும். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். அது தெறித்தால் முகம் இருக்காது.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் இரண்டு இருந்தன, கொட்டகையில் தகரப் பெட்டிக்குப் பின்னால். இருக்கிறதா என்று பார்க்கவும். பட்டாசு வெடிக்கிற மாதிரி தைரியம் காட்ட உங்களுக்கு வயது இல்லை.

இன்னொன்று. இடது பக்கத்து நட்டில் கோடு இருக்கிறதா? பார்த்து எழுதவும். சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் கம்பெனி முகவரிக்கே இனி எழுதவும், வீட்டுக்கு வேண்டாம்.


செப்டம்பர் 17, செவ்வாய்

அன்புடையீருக்கு அன்புடையீர் எழுதுவது,

என்னடா இது, வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி ஒரு கடிதம்? ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்ற சொல்லை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த அம்மாள் எழுந்து போய்விட்டார்.

ஸ்டாண்ட் நீ சொன்ன இடத்திலேயே இருந்தன. உன் நீல மேல்சட்டையும் இருந்தது, ஒரு கையில் பல்லி முட்டை வைத்திருந்தது. துவைத்து மாட்டி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத்தைக் கழற்றப் பார்த்தேன். பின் போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். ஸ்பேனரில் குழாயைச் செருகி அதன் மேல் ஏறி நின்றேன், நானும் குழாயும் சேர்ந்து விழுந்தோம். கட்டை விரல் நகம் கறுத்துவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே போல்ட்டுக்கு நாம் இருவரும் தொங்கியது நினைவிருக்கிறதா? நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அது கழன்றதும் இருவரும் மல்லாக்க விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தோம். குட்டி ஓடி வந்து நம் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள், என்ன ஏது என்று தெரியாமலே அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு முன்பல் இரண்டும் கிடையாது. எனக்கு அந்த நாட்கள் வேண்டும் போல இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கோட்டைப் பற்றிக் கேட்டாயே. அதையும் நினைத்துச் சிரித்தேன். நீ இறுக்கிய நட்டை நான் சோதிக்க வேண்டும், நான் இறுக்கியதை நீ. சோதித்தவன்தான் நட்டின் மேல் நகப் பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். இறுக்கியவன் கையால் கோடு விழக் கூடாது. லிஃப்ட் வேலையில் அப்படித்தான் என்று நீ கொண்டுவந்த சட்டம். உன் அக்காவின் நகப் பூச்சு எத்தனை புட்டி காலி செய்தோம்! கடைசியில் அவள் ஒரு புட்டி மேல் ‘இது வண்டிக்கு இல்லை’ என்று எழுதி ஒட்டிவிட்டாள். நாம் அதையும் எடுத்தோம்.

வலது பக்கத்தில் கோடு இருந்தது. வெளிறி ரோஜா நிறமாகி, ஆனாலும் இருந்தது, நீ இழுத்த கோடு. இடது பக்கத்தில் இல்லை. ஏன் கேட்டாய்?

கண்ணாடிக்கடை.


செப்டம்பர் 21, சனி

மச்சான்,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து குட்டி அந்த வண்டியைத் தொடக் கூடாது. வேலை முடியும்வரை தெருமுனைக்குக்கூட எடுக்க வேண்டாம். முதலில் சாவியை வாங்கி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இடது பக்கத்து ரப்பர் கிழிந்ததற்குக் காரணம் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் வலது பக்கத்தை முறையாக முடித்தோம். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டியின் பாரம் முழுவதும் அதன் மேல் ஏறிய பிறகு நீங்கள் இறுக்கினீர்கள், நான் கோடு இழுத்தேன். இடது பக்கத்து ஆர்மை மாட்டிவிட்டு நான் ஜாக்கியை எடுக்கப் போனபோது அக்கா பின்வாசலில் பெட்டியோடு வந்து நின்றாள். “தம்பி, என்னைக் கொண்டுபோய் விட்டுடு”ன்னு சொன்னாள். நீங்கள் குழாயடிக்குப் போய்க் கை கழுவினீர்கள். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் தெரியுமா? கையில் அழுக்கே இல்லாமல் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குக் கோபம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை முழு பலத்தோடு இறுக்கினேன். அப்படி இறுக்கக் கூடாது என்று சின்ன வேலைக்காரனுக்கும் தெரியும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கி நின்றதுமே உள்ளே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடினாலும் நின்றாலும் முறுக்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் கிழியும். தெரிந்தேதான் செய்தேன். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினேன்.

நீங்கள் திரும்பி வந்து, “இடது முடிஞ்சுதா?”ன்னு கேட்டீர்கள். அக்கா பெட்டியோடு நிற்கிறாள், இந்த மனிதர் நட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “முடிஞ்சுது”ன்னு பொய் சொன்னேன். வாசல் வரைக்கும் வந்த பிறகு, “அக்காவே இல்லேன்னா நீங்க எனக்கு யாரு?”ன்னு கேட்டேன். அந்த வார்த்தையை நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

நான்கு வருடம் மச்சான். குட்டி அந்த வண்டியின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ ஒவ்வொன்றையும் அனுப்புவாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடது சக்கரத்தைத்தான் பார்ப்பேன், சாய்ந்திருக்கிறதா என்று. ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ‘இடது பக்கத்தைத் தளர்த்தி மறுபடி இறுக்கவும்’, அவ்வளவுதான். அதை எழுதினால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும், நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று ஆகிவிடும். அதற்காகக் குட்டியைப் பணயம் வைத்தேன். என்னை நானே என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை.


செப்டம்பர் 24, செவ்வாய்

சாவி என் பையில் இருக்கிறது.

போன மாதம் அவள் அந்த வண்டியில் தோழிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குப் போய் வந்தாள். வளைவு வளைவாக இறங்கி வந்திருக்கிறாள். உனக்கு அது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இனி கேட்பதற்கு எனக்கு எதுவும் இல்லை. மீதி வேலை எனக்கே தெரியும்.


செப்டம்பர் 25, புதன்

மாப்பிள்ளை,

நேற்றுப் போட்ட கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து திரும்ப எடுக்க முடியுமா என்று இன்று காலை தபால்காரரிடம் கேட்டேன். “அதெல்லாம் அப்பவே போயிடுச்சு சார்”னு சொல்லிவிட்டார். அதனால் பின்னாலேயே இதைத் துரத்தி அனுப்புகிறேன். இரண்டும் ஒன்றாக வந்தால் இதை முதலில் படி.

நேற்று உன்மேல் வந்த கோபத்தோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். அந்த இடது நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது.

நீ இறுக்கியதைச் சோதிக்க வேண்டியவன் யார்? நான்தானே? கோடு இழுக்க வேண்டியவன் நான். நீங்கள் போன மறுநாளே அந்த நட்டைப் பார்த்தேன் மாப்பிள்ளை. கோடு இல்லாமல் மொட்டையாக இருந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். ‘நீங்க எனக்கு யாரு என்று கேட்டவன் இறுக்கியதை நான் எதற்குச் சரிபார்க்க வேண்டும்’ என்று வீம்பு வந்தது, ஸ்பேனரைத் தூக்கிப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் எத்தனையோ முறை எண்ணெய் மாற்றியிருக்கிறேன், டயர் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நட்டு கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தளர்த்திப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீ பொய் சொன்னாய், நான் பார்க்க மறுத்தேன். நடுவில் அகப்பட்டது அந்தப் பெண்.

அன்றைக்கு ஏன் நட்டைப் பற்றிக் கேட்டேன் என்று நீ கோபப்பட்டிருக்கிறாய். உன் அக்காவிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் நின்று யோசித்துப் பார்த்தேன், ஒரு வாக்கியம்கூட வரவில்லை. நட்டைப் பற்றிக் கேட்கத்தான் வாய் வந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை, “இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளே இல்லை”ன்னு சொல்வாள். உன்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதை அவளிடம் நான் ஒரு வருடத்தில் பேசியிருக்க மாட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் போனபோது வருத்தமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நீ இந்த ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து கேட்டைத் திறப்பாயே, அந்தச் சத்தம் கேட்காமல் இருப்பது மட்டும் பழகவே இல்லை. முதல் வருடம் முழுக்க இரண்டு பேருக்கும் காபி போட்டுவிட்டு, ஒன்றைச் சாக்கடையில் ஊற்றினேன். பெண்டாட்டி போய்விட்டாள் என்று சொன்னால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். மச்சினன் போய்விட்டான் என்று யாரிடம் போய் அழுவது? அப்படி ஒரு துக்கம் இருப்பதே ஊருக்குத் தெரியாது.

வேலையைப் பற்றி: இரண்டு பக்கமும் புது ஆர்ம் மாட்டிவிட்டேன். எல்லா நட்டும் கையால் சுற்றி விட்ட அளவில் நிற்கிறது. இறுக்க எனக்கு மனம் வரவில்லை. இறுக்கிவிடலாம், பார்ப்பது யார்? குட்டியைப் பார்க்கச் சொல்லலாம் என்றால் அவள் கேட்கும் முதல் கேள்விக்கே நம் இருவர் கதையும் வெளியே வந்துவிடும். பட்டறைக்காரரைக் கூப்பிடலாம், அவர் பேரு கெட்டுவிடும்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் பதின்மூன்றாம் தேதி காலையில் கிளம்புகிறாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். அதைச் சொல்லி உன்னை இழுப்பதாக நினைக்காதே. நடக்கப் போவதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மச்சான்.


செப்டம்பர் 30, திங்கள்

மச்சான்,

இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன. நான் அவசரக்குடுக்கை, இருபத்துநான்காம் தேதி போட்டதை முதலில் படித்து மதியம் சாப்பிடவில்லை. மற்றதைப் படித்துவிட்டு லிஃப்ட் கிணற்றுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே யாரும் வரமாட்டார்கள்.

உங்களுக்குப் பதில் எழுத மூன்று நாளாக முயன்று முடியவில்லை. உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நேற்று என் வீட்டுக்கு அக்கா வந்திருந்தாள். என் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவியிருக்கிறாள், அவள் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கலாம் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அதனால் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

அவளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவளிடம் மறைக்கவில்லை, அவள் சொன்னதை உங்களிடம் மறைக்கவும் மாட்டேன். காபி விஷயத்துக்கு, “எனக்கு ஒரு நாளாவது அந்த மனுஷன் காபி போட்டுக் கொடுத்திருப்பாரா?”ன்னு கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். நட்டு விஷயத்தில் நம் இருவரையும் ஒரே வார்த்தையில் திட்டினாள், அதை எழுத முடியாது. குட்டிக்குத் தான்தான் சொல்லப் போவதாகவும், அவள் நம் இருவரையும் என்ன செய்தாலும் தான் குறுக்கே வரப் போவதில்லை என்றும் சொன்னாள்.

பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏன்டா, இவரு தனியா இருக்காருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா.”

“அப்புறம் ஏன் போகல?”

“உனக்காகத்தான்க்கா. நீ வேண்டாம்னு வந்த இடத்துக்கு நான் எப்படிப் போறது?”

துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கும் அவருக்கும் ஒத்துவரல, நான் விட்டுட்டு வந்தேன். அது என் புருஷன்டா. அவரு உன் மச்சான். உன் மச்சானை விட்டுட்டு வான்னு நான் எப்படா சொன்னேன்?”

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்லவே இல்லை. ஒரு நாளும் சொல்லவில்லை. நானாகவே அப்படி முடிவு செய்துகொண்டு, அதை அவள் கணக்கில் எழுதிவிட்டேன். வாசலில் அன்று நான் கேட்டேனே ஒரு கேள்வி, அதை வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டிருக்கவே இல்லையாம். கேட்டிருந்தால் அங்கேயே இறங்கி என்னை அறைந்திருப்பாளாம்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறுகிறேன், சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை இடது பக்கம் நீங்கள் இறுக்குங்கள், வலது பக்கம் நான். அதுவரை எதையும் தொட வேண்டாம், அடியில் போய்ப் படுக்கவும் வேண்டாம். குட்டி கிளம்பும்வரை அங்கேதான் இருப்பேன், அவளோடு வண்டியிலேயே திரும்பி வருவேன். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் வருகிறது. நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாவது வந்து போகலாம் என்று இருக்கிறேன். வண்டி இல்லாவிட்டால் என்ன, உங்கள் கடை ஷட்டர் எண்ணெய் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உங்கள் முட்டிவலியை வைத்துக்கொண்டு அவ்வளவு படி ஏறி இறங்க வேண்டாம். வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்.